பெண் பந்து உதைத்தால் என்ன?

மாலை 5 மணி.

திருவாண்டார்கோயிலில் வெயில் தாழ்ந்துவிட்டது. விழுப்புரம் சாலையில் பஸ்கள் பறக்கின்றன. தொழிற்சாலை வண்டிகள், வேலை முடிந்தவர்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகின்றன.

மைதானத்தில் பையன்கள் பந்து ஆடுகிறார்கள். ஓரத்தில் இரண்டு, மூன்று சிறுமிகள் நிற்கிறார்கள். அண்ணன்மார் கழற்றிப் போட்ட செருப்புக்கும் சட்டைக்கும் அவர்கள்தான் காவல்!

பந்து கோட்டைத் தாண்டி ஓடி வருகிறது. ஒரு சிறுமி அதைக் காலால் நிறுத்துகிறாள். ஓங்கி ஓர் உதை விடுகிறாள். பந்து நேராகப் பையன்களிடம் போய்ச் சேருகிறது.

"நல்ல உதை!" என்கிறான் ஒருவன்.

அதோடு சரி. ஆட்டம் தொடருகிறது. சிறுமி மறுபடியும் செருப்புக்குக் காவல் நிற்கிறாள்.

இது திருவாண்டார்கோயிலில் மட்டும் நடப்பது அல்ல. வில்லியனூரிலும் உண்டு. பாகூரிலும் உண்டு. தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் உண்டு.

அந்தச் சிறுமியை மைதானத்துக்கு உள்ளே விட்டால் என்ன ஆகும்?

மணிப்பூரில் ஒரு சிறுமி, யாரும் விடாமலே உள்ளே போனாள். அவளுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தால், இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

பெயரை மாற்றினாள்!

மணிப்பூர், இந்தியாவின் கிழக்குக் கோடியில், பர்மா எல்லையில் இருக்கிற சின்ன மாநிலம். அதன் தலைநகர் இம்பால். அங்கே 1980-ம் ஆண்டு ஏப்ரல் 4-ந்தேதி பிறந்தவர் ஓயினம் பெம்பெம் தேவி.

சின்ன வயதிலேயே அவருக்குப் பந்து என்றால் உயிர். ஆனால் உடன் ஆடப் பெண் பிள்ளைகள் இல்லை. பையன்களோ, பெண்ணைச் சேர்த்துக்கொள்வார்களா?

பெம்பெம் ஒரு தந்திரம் செய்தார். தன் பெயரை "போபோ" என்றும், "அம்கோ" என்றும் சொல்லிக்கொண்டார். பையன் பெயர் போல் இருக்கிறது அல்லவா? ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள்!

வீட்டில் தந்தைக்கு இது பிடிக்கவில்லை. படிக்க வேண்டிய பெண் பந்துக்குப் பின்னால் ஓடுவதாவது என்று கோபித்தார். எந்த ஊர்த் தகப்பனாருக்கும் வருகிற கோபம்தான். இம்பால் தகப்பனாரும் திருவாண்டார்கோயில் தகப்பனாரும் இந்த விஷயத்தில் ஒன்று!

ஆனால் மகள் விடவில்லை. 1991-ம் ஆண்டில், 13 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான மணிப்பூர் அணியில் இடம் பிடித்தார். 1995-ம் ஆண்டில், 15-வது வயதில், இந்திய அணியின் உடை அணிந்தார். ஆசியப் பெண்கள் போட்டியில், பசிபிக் கடலில் உள்ள குவாம் என்ற குட்டித் தீவை எதிர்த்து ஆடியதுதான் அவருடைய முதல் சர்வதேச ஆட்டம்.

15 வயது! நம் ஊரில் அந்த வயதில்தான், "இனிமேல் வாசலில் நிற்காதே" என்று பெண்ணிடம் சொல்லத் தொடங்குகிறோம்.

நாற்றுக் கட்டு சுமப்பவள்

பெம்பெம் ஆடியது நடுக்களத்தில். கோல் போடுகிறவர்கள் முன்னால் நிற்பார்கள். கோலைத் தடுக்கிறவர்கள் பின்னால் நிற்பார்கள். இரண்டு பேருக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருப்பவர்தான் நடுக்கள ஆட்டக்காரர்.

நடவு வயலைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். ஒரு பக்கம் நாற்றுப் பறிப்பார்கள். இன்னொரு பக்கம் நடுவார்கள். இரண்டுக்கும் நடுவே நாற்றுக் கட்டைத் தூக்கிக்கொண்டு, சேற்றில் ஓடுகிற ஆள் ஒருவர் இருப்பார். அவர் பறிப்பதும் இல்லை, நடுவதும் இல்லை. ஆனால் அவர் உட்கார்ந்துவிட்டால் அன்றைக்கு நடவு நின்றுபோகும்.

கோல் போட்டவருக்குக் கைதட்டல் கிடைக்கும். பந்தைப் பறித்து, பார்த்து, சரியான காலுக்கு அனுப்பியவரைப் பலர் கவனிக்க மாட்டார்கள். பெம்பெம் தேவி அந்த வேலையை 21 ஆண்டுகள் செய்தார். அணியின் தலைவியாகவும் இருந்தார். "இந்தியக் கால்பந்தின் துர்க்கை" என்று அவருக்குப் பட்டப் பெயர்.

பதினாறு கோல்!

இந்தக் கதையில் வெற்றி மட்டும் இல்லை. அவமானமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும்.

பெம்பெம் ஆடத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆயின. 1998-ம் ஆண்டில் பாங்காக் நகரில் ஆசிய விளையாட்டு நடந்தது. பெண்கள் கால்பந்தில் இந்தியாவும் சீனாவும் மோதின.

சீனா 16 கோல் போட்டது. இந்தியா ஒன்றுகூடப் போடவில்லை.

இதைப் படிக்கும்போது, "நம் பெண்களுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று சிலருக்குத் தோன்றலாம். அப்படி நினைப்பவர்கள் இன்னொரு செய்தியையும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பெண்களின் தாய்மார் காலத்தில், இந்தியா ஆசியாவில் இரண்டாவது இடத்தில் இருந்தது! கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் இறுதி ஆட்டம் வரை போனது. 1983-ம் ஆண்டிலும் இறுதி ஆட்டம் வரை போனது.

அப்படி இருந்த அணி, பதினாறு கோல் வாங்கும் நிலைமைக்கு ஏன் வந்தது? சீனாவிலும் ஜப்பானிலும் பெண்களுக்குப் பள்ளியும் பயிற்சியும் போட்டிகளும் கொடுத்தார்கள். இங்கே கொடுக்கவில்லை. ஆட்டமே இல்லாமல் ஆட்டக்காரி எங்கே இருந்து வருவாள்?

2009-ம் ஆண்டில் ஒரு கூத்து நடந்தது. இந்தியப் பெண்கள் அணி 18 மாதங்களுக்கு மேல் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. ஆகவே உலகத் தரவரிசைப் பட்டியலில் இருந்தே இந்தியாவின் பெயரை எடுத்துவிட்டார்கள். கடைசி இடம்கூட இல்லை, பட்டியலிலேயே இல்லை! தோற்றவர்களுக்கு நேர்ந்தது அல்ல இது. ஆட விடாமல் வீட்டில் உட்கார வைக்கப்பட்டவர்களுக்கு நேர்ந்தது. பெம்பெம் அப்போது 29 வயதுப் பெண். ஓர் ஆட்டக்காரிக்குக் காலில் பலமும் தலையில் அனுபவமும் ஒன்றாக இருக்கிற வயது அது. அந்த நாட்கள் திரும்பி வருமா?

தங்கத்தோடு விடை பெற்றார்

அதற்குப் பிறகு தெற்கு ஆசியப் போட்டிகள் வந்தன. 2010-ல் தொடங்கிய தெற்கு ஆசியப் பெண்கள் கோப்பையை, 2019 வரை நடந்த ஐந்து முறையும் இந்தியாவே வென்றது. ஆட விட்டால் ஜெயிக்கிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

2014-ம் ஆண்டில் பெம்பெம் மாலத்தீவுக்குப் போய், "நியூ ரேடியண்ட்" என்ற சங்கத்துக்காக ஆடினார். பட்டமும் வாங்கிக் கொடுத்தார். அப்போது அவருக்கு 34 வயது.

2016 பிப்ரவரியில் ஷில்லாங்கில் தெற்கு ஆசிய விளையாட்டு நடந்தது. இறுதி ஆட்டத்தில் இந்தியா 4 கோல் போட்டது. நேபாளம் ஒன்றும் போடவில்லை. தங்கப் பதக்கம்! அந்த ஆட்டத்தோடு பெம்பெம் இந்திய அணியில் இருந்து விடை பெற்றார்.

அவர் விடை பெற்ற மறு ஆண்டுதான், இந்தியாவில் பெண்களுக்கான தேசிய லீக் போட்டியின் முதல் கோப்பை வழங்கப்பட்டது. 2017 பிப்ரவரியில் டெல்லியில் நடந்த இறுதி ஆட்டத்தில், மணிப்பூரின் "ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன்" வென்றது. அந்த அணியை மேலாளராக இருந்து நடத்தியவர் பெம்பெம் தேவி. 21 ஆண்டுகள் காத்திருந்த விருந்து, அவர் கை கழுவிய பிறகு வந்தது. ஆனாலும் மற்றவர்களுக்குப் பரிமாறினார்.

விருதுகளும் அப்படித்தான் வந்தன. 2017-ல் அர்ஜுனா விருது. 2020-ல் பத்மஸ்ரீ. அர்ஜுனா விருது பெற்ற முதல் கால்பந்து வீராங்கனை, வங்காளத்தைச் சேர்ந்த சாந்தி மல்லிக். அது 1983-ல். அடுத்த பெண்ணுக்குக் கிடைக்க 34 ஆண்டுகள் ஆயின!

மாலை போட நம் நாட்டில் ஆளுக்குக் குறைவில்லை. ஆனால் மாலையைச் சாயங்காலம் போடுகிறோம். காலையில் தண்ணீர் கொடுக்க ஆள் இல்லை.

சோறு போடுமா?

"பந்து உதைத்தால் சோறு கிடைக்குமா?"

திருவாண்டார்கோயிலில் ஒரு பாட்டியம்மாளிடம் இந்தப் பேச்சை எடுத்தால், அவர் கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். நியாயமான கேள்வி. உழைத்துச் சாப்பிடுகிற குடும்பம், கேட்கத்தான் வேண்டும்.

உண்மையான பதில் இது. இந்தியாவில் பெண்கள் கால்பந்து மட்டும் ஆடி, அந்த வருமானத்தில் குடும்பம் நடத்துவது மிகமிகக் கடினம். லட்சம் லட்சமாகக் கொட்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனால் பந்து, வேலை வாங்கிக் கொடுக்கும். பெம்பெம் தேவிக்கு மணிப்பூர் போலீசில் வேலை. அந்தச் சம்பளம் இருந்ததால்தான் அவரால் இத்தனை ஆண்டுகள் ஆட முடிந்தது.

மணிப்பூர் எங்கேயோ இருக்கிறது என்று சொல்ல வேண்டாம். பாகூர்ப் பக்கம் தென்பெண்ணை ஆற்றைத் தாண்டினால் கடலூர். அந்தக் கடலூரைச் சேர்ந்தவர் இந்துமதி கதிரேசன். 1994-ல் பிறந்தவர். அவரும் நடுக்கள ஆட்டக்காரர்தான். இந்திய அணியில் இடம் பிடித்தார். தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டர் ஆனார். 2020-ம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது, பந்தை ஓரமாக வைத்துவிட்டு, சென்னைத் தெருக்களில் காவல் பணி பார்த்தார்.

இந்துமதி மட்டும் அல்ல. மதுரை சேது அணி, 2019-ல் இந்திய லீக் கோப்பையை வென்றது. தேசியப் போட்டியில் மணிப்பூர் 20 தடவைக்கு மேல் பட்டம் பெற்ற மாநிலம். அந்த மணிப்பூரையே 2018-ல் கட்டாக்கில் 2-1 என்று தோற்கடித்து, தமிழ்நாடு முதல் தடவையாகக் கோப்பையைக் கொண்டுவந்தது. 2023-ல் அமிர்தசரசில் மறுபடியும் வென்றது.

கடலூருக்கு ஆயிற்று. மதுரைக்கு ஆயிற்று. புதுச்சேரியின் கிராமத்துப் பெண்கள் என்ன குறைந்தவர்களா?

சுவீடனில் என்ன செய்தார்கள்?

"வெள்ளைக்காரப் பெண்கள் பாலும் இறைச்சியும் சாப்பிடுகிறார்கள், ஆடுகிறார்கள்" என்று சிலர் சொல்லுவார்கள். அது பாதிக் கதைதான்.

வெள்ளைக்காரர்களும் பெண்களைத் தடுத்தவர்கள்தான்! 1920-ம் ஆண்டு கிறிஸ்துமசுக்கு மறுநாள், இங்கிலாந்தில் லிவர்பூல் நகரில் பெண்கள் ஆடிய ஓர் ஆட்டத்தைப் பார்க்க 53 ஆயிரம் பேர் வந்தார்கள். மறு வருடமே, "கால்பந்து பெண்களுக்கு ஏற்றது அல்ல" என்று அந்த நாட்டுக் கால்பந்து சங்கம் தன் மைதானங்களை மூடிவிட்டது. அந்தத் தடை 50 வருடம் இருந்தது. மைதானத்தை மூடியதும் ஆட்டம் செத்தது. அங்கும் சரி, இங்கும் சரி, பெண்ணின் காலில் கோளாறு இல்லை. கோளாறு, பூட்டிய கதவில் இருந்தது.

சுவீடன் என்ற குளிர் நாடு கதவைத் திறந்துவிட்டது. ஜனத்தொகை ஒரு கோடிதான். ஊருக்கு ஊர் சங்கம். பையனுக்கு உள்ள மைதானம் பெண்ணுக்கும் உண்டு. 1984-ல் ஐரோப்பாவின் முதல் பெண்கள் கோப்பையை சுவீடன் வென்றது, தோற்றது இங்கிலாந்து! 1988-ல் பெண்களுக்கு என்று நாடு முழுவதற்கும் ஒரே முதல் தர லீக்கைத் தொடங்கினார்கள். நம் நாட்டில் லீக் வர அதற்குப் பின் இன்னும் 29 ஆண்டுகள் ஆயின.

அந்த நாட்டில் வளர்ந்தவர் கரோலின் சேகர். பெம்பெமைவிட ஐந்து வயது இளையவர். இவரும் நடுக்களம்தான். நாட்டுக்காக 240 ஆட்டங்கள் ஆடினார். ஐந்து உலகக் கோப்பைகளில் ஆடியவர்.

ஆனால் அவர் கதையில் கவனிக்க வேண்டியது, ஒரு தோல்வி.

டோக்கியோ ஒலிம்பிக்கின் இறுதி ஆட்டம், 2021 ஆகஸ்டில் நடந்தது. சுவீடனும் கனடாவும் சமமாக நின்றன. கடைசியில் ஒருவர் பின் ஒருவராகக் கோல் கீப்பரை எதிர்த்துப் பந்து உதைக்கும் கட்டம் வந்தது. அணித் தலைவி சேகர் முறை. அவர் கோல் போட்டால் தங்கம்! நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

பந்து கம்பத்துக்கு மேலே பறந்துவிட்டது. தங்கம் கனடாவுக்குப் போனது.

அப்போது சேகருக்கு 36 வயது. "போதும், வீட்டுக்குப் போ" என்று நாடு அவரை அனுப்பிவிடவில்லை. அடுத்த ஆண்டு ஐரோப்பியக் கோப்பைக்கும் போனார். 2023 உலகக் கோப்பையில், மூன்றாம் இடம் பெற்ற அணியிலும் இருந்தார். பிறகு, தானாகவே நாட்டு அணியில் இருந்து ஓய்வு பெற்றார்.

நம் பெண்ணுக்கு அந்த உரிமை உண்டா? ஒரு பையன் கோலைத் தவறவிட்டால், "அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். ஒரு பெண் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தால், "இதற்குத்தான் அப்போதே சொன்னேன்" என்கிறார்கள். அவளுக்கு அடுத்த தடவை என்பதே இல்லை.

பெற்றோர் பயம்

பெற்றோரைத் திட்டிப் பயன் இல்லை. அவர்கள் பயம் வீண் பயம் அல்ல.

இருட்டிய பிறகு பெண் எப்படி வீட்டுக்கு வருவாள்? அதற்குத்தான் இருட்டும் முன்பே ஆட்டத்தை முடிக்க வேண்டும் என்பது.

அரைக்கால் சட்டை போடுவதா? வேண்டாமே! முழு நீளக் கால்சட்டை போட்டு ஆடலாம். தலைத்துணி அணிந்து ஆடவும் 2014-ம் ஆண்டு முதல் உலகக் கால்பந்து விதியில் இடம் இருக்கிறது. ஆட்டத்துக்கு வேண்டியது கால். கால் தெரிய வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

கால் ஒடிந்தால் யார் கட்டிக்கொள்வார்கள்? இந்தக் கேள்வி ஒன்றுதான் வேடிக்கை. அதே பெண் குடத்தோடு வழுக்குப் படியில் இறங்கும்போதும், நாள் முழுவதும் சேற்றில் குனிந்து நடும்போதும், இந்தக் கேள்வியை யாரும் கேட்பது இல்லை!

எல்லாவற்றையும்விடப் பெரிய தடை ஒன்று உண்டு. பெண் பெரியவள் ஆகும் நாள். மஞ்சள் நீராட்டு முடிந்ததும் மைதானம் முடிந்துபோகிறது. பத்து வயதில் பையன்களை முந்தி ஓடியவள், பதின்மூன்றில் ஜன்னல் வழியே பார்க்கிறாள். ஆட்டத்தின் நுணுக்கத்தைக் கால் கற்றுக்கொள்கிற வயதே அதுதான். அந்த மூன்று, நான்கு வருடங்களைப் பறித்துவிட்டு, "பெண்களுக்கு ஆட வரவில்லை" என்று சொல்லுவது என்ன நியாயம்?

பெம்பெம் தேவிக்கு 15 வயதில் இந்திய அணியில் இடம் கிடைத்தது என்றால், 11-ல் இருந்து 15 வரை அவர் ஆடினார் என்று அர்த்தம். அவ்வளவுதான் ரகசியம்.

ஒரு மணி நேரம்

பெரிய ஸ்டேடியம் கட்ட வேண்டாம். அது கட்டி முடிப்பதற்குள் இந்தச் சிறுமிகள் பாட்டிகள் ஆகிவிடுவார்கள்.

திருவாண்டார்கோயிலில் ஆடுகிற இடம் இருக்கிறது. பையன்கள் ஆடுகிறார்களே! அதே இடத்தில் பெண்களுக்கு என்று ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். யாருடைய பங்கையும் பறிக்க வேண்டியதில்லை. பையன்கள் ஒரு மணி நேரம் தள்ளி வரலாம். அல்லது பாதி மைதானத்தை விட்டுக் கொடுக்கலாம்.

பெண்கள் உடை மாற்ற ஓர் அறை வேண்டும். கழிப்பறை வேண்டும், அதில் தண்ணீர் வர வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் எந்தப் பெண்ணும் இரண்டாவது நாள் வர மாட்டாள். இதை ஆண்கள் மட்டும் உட்கார்ந்து பேசும் கூட்டங்களில் யாரும் நினைப்பதே இல்லை.

கற்றுக்கொடுக்க ஒரு பெண் வேண்டும். உடற்பயிற்சி ஆசிரியை இருந்தால் நல்லது. இல்லாவிட்டால், கடலூர்ப் பக்கம் ஆடிப் பழகிய பெண் ஒருத்தியை வாரத்துக்குச் சில நாள் வரவழைக்கலாம். முதல் ஒரு மாதம் தாய்மார்களும் வந்து ஓரத்தில் உட்காரட்டும். வீட்டுக் கதை பேசிக்கொண்டே பார்க்கட்டும். மகள் பந்தைக் கொண்டு ஓடுவதைக் கண்ணால் பார்த்த தாயிடம் யாரும் பிரசங்கம் செய்யத் தேவை இல்லை.

இதில் எல்லாப் பெண்ணும் பெம்பெம் தேவி ஆகிவிட மாட்டாள். நூறில் தொண்ணூற்றொன்பது பேர் ஆட மாட்டார்கள், இந்தியாவுக்கு. ஆடட்டும், திருவாண்டார்கோயிலுக்கு! வில்லியனூர்ப் பெண்கள் ஒரு பக்கம், பாகூர்ப் பெண்கள் ஒரு பக்கம் என்று பொங்கலுக்கு ஓர் ஆட்டம் வைத்தால், பார்க்க ஊரே வரும்.

2025 ஜூலையில் இந்தியப் பெண்கள் அணி, தாய்லாந்து மண்ணில் தாய்லாந்தையே 2-1 என்று வென்று, 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. தகுதிப் போட்டியில் ஆடி, ஜெயித்து, இந்தியா அந்த இடத்தைப் பிடித்தது அதுவே முதல் தடவை. அந்த அணியில் புதுச்சேரிக் கிராமத்துப் பெண் யாரும் இல்லை. அதற்கு அடுத்ததிலும் இருக்க மாட்டாள். இன்று செருப்புக்குக் காவல் நிற்கிற சிறுமிக்கு வயது பத்துதான்.

மாலை நாலரை மணி முதல் ஐந்தரை மணி வரை. வாரத்தில் மூன்று நாள். இரண்டு பந்து, ஒரு விசில். கொம்யூன் பஞ்சாயத்தும் பள்ளிக்கூடத்தாரும் ஒரு நாள் உட்கார்ந்து பேசினால், அடுத்த திங்கட்கிழமையே தொடங்கிவிடலாம். அண்ணன்மார் செருப்பை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும்.